ஐந்து எழுத்துப் பிழை: ஐஸ்லாந்து கற்ற புற்றுநோய்ப் பாடம்

2018 மே மாதம் ஐஸ்லாந்தில் ஓர் இணையதளம் திறக்கப்பட்டது. அது கேட்டது ஒரே கேள்விதான்: 'உங்கள் பிஆர்சிஏ2 மரபணுவில் அந்தக் குறிப்பிட்ட பிழை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா?' விரும்புகிறேன் என்று சொல்லி, அடையாளத்தை உறுதிசெய்தவர்களுக்குப் பதில் கிடைத்தது. பல்லாயிரம் பேர் கேட்டார்கள். மொத்தமே மூன்றரை லட்சம் பேர் வாழும் நாட்டில் இது பெரிய எண்ணிக்கை. மிகப் பெரும்பாலோருக்கு 'இல்லை' என்று பதில் வந்தது. நூறு பேரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவான விகிதத்தில் சிலருக்கு 'இருக்கிறது' என்று வந்தது.

'இருக்கிறது' என்றால் என்ன? பெண்ணாக இருந்தால் மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆணாக இருந்தால் புராஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து அது வந்திருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது போக இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. ஒரு வரிப் பதிலுக்குள் மூன்று தலைமுறையின் கவலை அடங்கியிருக்கிறது.

புற்றுநோயையும் பரம்பரையையும் பற்றி உலகம் இன்று அறிந்தவற்றில் ஒரு முக்கியப் பகுதி இந்தச் சின்னத் தீவிலிருந்து வந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் அங்கிருந்துதான் வந்தது. பரம்பரையாக வரும் ஆபத்துகூட மாறக்கூடியது என்பதற்கு எண்பது ஆண்டுக் கணக்கை எழுதிவைத்த நாடு அது.

உடைவதும் சேர்வதும்

நம் உடம்பின் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ இருக்கிறது. அது எந்நேரமும் சேதமடைந்துகொண்டும் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர், புகையிலைப் புகை, எக்ஸ்ரே போன்றவை வெளியிலிருந்து வரும் காரணங்கள். வெளியிலிருந்து எதுவுமே தாக்காவிட்டாலும், செல் உயிரோடு இருப்பதால் நடக்கும் வேதிமாற்றங்களே ஒரு செல்லில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான சேதங்களை உண்டாக்குகின்றன. அப்படியும் நாம் நலமாக இருக்கிறோம் என்றால், அவற்றை உடனுக்குடன் சரிசெய்யும் புரதங்கள் உள்ளே இருக்கின்றன என்பதுதான் காரணம். அந்தப் புரதங்களை உருவாக்கும் மரபணுக்களுக்கு டிஎன்ஏ பழுதுநீக்கும் மரபணுக்கள் என்று பெயர். இந்தப் பழுதுநீக்கம் எப்படி நடக்கிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் 2015-இல் தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அஜீஸ் சான்ஜார் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சேதம் பலவகை; பழுதுநீக்கும் முறையும் பலவகை. எந்த முறை கெட்டுப்போகிறதோ அதற்கேற்ற நோய் வருகிறது. வெயிலால் வரும் சேதத்தைச் சரிசெய்யும் மரபணு இரு பிரதியிலும் கெட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. டிஎன்ஏவைப் படியெடுக்கும்போது நேரும் எழுத்துப் பிழையைத் திருத்தும் மரபணு கெட்டிருக்கும் குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. லின்ச் சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

சேதங்களில் மிகவும் ஆபத்தானது, டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோவது. பழைய ஓலைச்சுவடியில் ஓர் ஏடு ஒடிந்து சில எழுத்துகள் போய்விட்டால், பதிப்பாசிரியர் அதே நூலின் இன்னொரு சுவடியைத் தேடி எடுத்து, ஒப்பிட்டு, விட்டதை நிரப்புவார். செல்லும் அதைத்தான் செய்கிறது. அருகிலிருக்கும் மற்றொரு பிரதியைப் பார்த்து, அறுந்த இடத்தை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் மீட்டெழுதுகிறது. இந்த வேலைக்கு ரேட்51 என்ற புரதம் தேவை. அதை அறுந்த முனைக்குக் கொண்டுவந்து பொருத்துவது பிஆர்சிஏ2 புரதம்.

பிஆர்சிஏ2 இல்லையென்றால் செல் சும்மா இருந்துவிடாது. அறுந்த முனைகளை எப்படியோ ஒட்டிவைக்கும். அப்படி ஒட்டும்போது எழுத்துகள் விடுபடும், இடம் மாறும். அந்தப் பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். செல்லின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் பிழை விழும் நாளில் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது.

பெரும்பாலான மரபணுக்களில் நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. பிஆர்சிஏ2-இன் ஒரு பிரதி கெட்டே பிறந்தவர்களுக்கு மற்றொன்று வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் பல்லாண்டுகள் எந்தக் குறையும் வெளியே தெரியாது. வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் அந்த நல்ல பிரதியும் போய்விட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது. மற்றவர்களுக்கு இரண்டும் போகவேண்டும். இவர்களுக்கு ஒன்று போனால் போதும். பரம்பரையாக வருவது புற்றுநோய் இல்லை, அதற்கான வாய்ப்புத்தான்.

ஒரு தீவு, ஒரு பிழை

மார்பகப் புற்றுநோய்க்கும் பரம்பரைக்கும் உள்ள தொடர்பை முதலில் உறுதியாக நிறுவியவர் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங். 17-ஆவது குரோமோசோமில் அதற்கான மரபணு இருக்கிறது என்று 1990-இல் அவர் காட்டினார். அதுதான் பிஆர்சிஏ1, 1994-இல் பிரித்தெடுக்கப்பட்டது. மைக்கேல் ஸ்ட்ராட்டன் தலைமையிலான பிரிட்டன் குழு 13-ஆவது குரோமோசோமில் இரண்டாவது மரபணுவைத் தேடிப்போய் 1995-இல் பிஆர்சிஏ2-ஐக் கண்டுபிடித்தது.

அடுத்த ஆண்டே ஐஸ்லாந்திலிருந்து ஒரு வியப்பான செய்தி வந்தது. மற்ற நாடுகளில் இந்த மரபணுவில் குடும்பத்துக்குக் குடும்பம் வெவ்வேறு பிழைகள் இருந்தன. ஐஸ்லாந்தில் ஆராயப்பட்ட குடும்பங்களில் திரும்பத் திரும்ப ஒரே பிழை இருந்தது. 999-ஆம் இடத்தை ஒட்டி ஐந்து எழுத்துகள் விடுபட்டிருந்தன. மரபணுவின் செய்தியைச் செல் மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. ஐந்து எழுத்து போனால் அதற்குப் பின்னால் வரும் எல்லாச் சேர்க்கையும் குலைந்துபோகும். 3,418 அமினோ அமிலங்கள் கொண்டிருக்கவேண்டிய புரதம் முந்நூறைக்கூட எட்டாமல் நின்றுவிடுகிறது. அதனால் ஒரு பயனும் இல்லை.

இந்தப் பிழை உள்ளவர்கள் எல்லோருக்கும் அதன் அக்கம்பக்கத்து டிஎன்ஏ பகுதிகளும் ஒன்றாகவே இருந்தன. எப்போதோ வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து அத்தனை பேருக்கும் அது வந்திருக்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது.

எப்படி இவ்வளவு பரவியது? ஐஸ்லாந்தின் வரலாற்றில் விடை இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நார்வேயிலிருந்தும் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள் குடியேறிய நாடு அது. அதன்பின் பெரிய அளவில் யாரும் வந்து கலக்கவில்லை. 1703-இல் நாட்டின் ஒவ்வொரு மனிதரையும் பெயரோடு பதிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. அப்போது இருந்தவர்கள் சுமார் 50 ஆயிரம் பேர்தான். சில ஆண்டுகளிலேயே பெரியம்மை பல்லாயிரம் பேரை வாரிக்கொண்டு போனது. 1783-இல் லாக்கி எரிமலை வெடித்து, அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார்கள். மக்கள்தொகை இப்படிச் சுருங்கிச் சுருங்கிப் பெருகும்போது, பிழைத்த சிலருடைய மரபணுக்களே பின்னால் வந்த எல்லோரிடமும் மிகுந்து நிற்கின்றன. நல்லதும் பெருகுகிறது, பிழையும் பெருகுகிறது. இதில் யாருடைய குற்றமும் இல்லை.

இந்தப் பிழை ஐஸ்லாந்து மக்களில் 0.6 முதல் 0.8 சதவீதத்தினரிடம் இருப்பதாக ஆய்வுகள் காட்டின. மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களில் பார்த்தால் இது சுமார் 8 சதவீதம். மீதி 92 சதவீதப் பெண்களுக்கு நோய் வந்ததில் இந்தப் பிழைக்குப் பங்கில்லை. பரம்பரைப் பிழையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தவருக்குப் புற்றுநோயே வராது என்று பொருள் இல்லை.

மரபணு அதேதான், ஆபத்து நான்கு மடங்கு

இனி வருவது, என் பார்வையில், இந்த முழுக் கதையின் உயிர்ப்பகுதி.

ஐஸ்லாந்திடம் இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று, நூற்றாண்டுகளாகப் பேணிவந்த வம்சாவளிப் பதிவு. மற்றது, நாடு முழுவதையும் உள்ளடக்கி 1950-களிலிருந்து இயங்கிவரும் புற்றுநோய்ப் பதிவேடு. மார்பகப் புற்றுநோய்க் குறிப்புகள் அதற்கும் முன்பிருந்தே இருந்தன. நோயாளிகளிடம் இந்தப் பிழை இருக்கிறதா என்று பார்த்து, அவர்களுடைய தாய், பாட்டி, சகோதரிகளில் எத்தனை பேருக்கு எந்த வயதில் நோய் வந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட முடிந்தது.

லௌஃபெய் திரிக்வாதோத்திர் தலைமையிலான குழு 2006-இல் அந்தக் கணக்கை வெளியிட்டது. இந்தப் பிழை உள்ள பெண்ணுக்கு 70 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, 1920-இல் சுமார் 19 சதவீதமாக இருந்தது. 2000-இல் அது சுமார் 72 சதவீதம். எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு மடங்கு. பிழை இல்லாத பெண்களிலும் இதே போன்ற ஏற்றம் இருந்தது. 1.8 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதத்துக்கு.

இதன் பொருளை நின்று யோசிக்கவேண்டும். எண்பது ஆண்டுகளில் மரபணு மாறவில்லை. பாட்டியிடம் இருந்த அதே ஐந்து எழுத்துப் பிழைதான் பேத்தியிடமும் இருக்கிறது. மாறியது வாழ்க்கை. குழந்தை பெறும் வயது தள்ளிப்போனது, பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது, பூப்பெய்தும் வயது முன்னால் வந்தது, உடலுழைப்புக் குறைந்தது, உணவு மாறியது, உடல் எடை கூடியது. மார்பகப் புற்றுநோய்க்குக் காரணிகளாக மருத்துவம் ஏற்கெனவே அறிந்திருக்கும் பட்டியல் இது. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஒவ்வொன்றாகப் பிரிப்பது கடினம். ஆனால், பிழையுள்ள மரபணுவைச் சுமப்பவர்களையும் வாழ்க்கைமுறை இவ்வளவு பாதிக்கிறது என்பதை இந்த எண்கள் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டுகின்றன.

'எங்கள் வம்சத்திலேயே இருக்கிறது, எங்கள் தலையெழுத்து' என்று சொல்லி ஓய்ந்துவிடுபவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி இல்லை. 'என் வம்சத்தில் யாருக்கும் இல்லை, எனக்கு எதற்குக் கவலை' என்பவர்களுக்கும் இதுவே மறுமொழி. 1998-இல் இதே நாட்டில் நடந்த ஆய்வு, பிழையுள்ள பெண்களுக்கு 70 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 37 சதவீதம் என்று சொன்னது. அது எல்லாத் தலைமுறைகளையும் சேர்த்துப் பார்த்த சராசரி. தலைமுறை தலைமுறையாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஏற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. பல நாடுகளின் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, பிஆர்சிஏ2 பிழை உள்ளவர்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 69 சதவீதம், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 17 சதவீதம் என்று கணக்கிட்டது. பிஆர்சிஏ1 பிழைக்கு முறையே 72, 44 சதவீதம்.

அப்பா வழியும் வழிதான்

பிஆர்சிஏ என்றதும் பெண்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுவது உலகெங்கும் நடக்கும் தவறு. 13-ஆவது குரோமோசோம் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. பிழை அப்பா வழியாகவும் சரிபாதி வாய்ப்போடு வரும்.

ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது அரிது. ஐஸ்லாந்தில் அப்படி வந்த ஆண்களை ஆராய்ந்தபோது, அவர்களில் சுமார் 40 சதவீதத்தினரிடம் இந்த ஐந்து எழுத்துப் பிழை இருந்தது. புராஸ்டேட் புற்றுநோயில் நிலைமை இன்னும் கடுமை. பிழை உள்ள ஆண்களுக்கு அந்த நோய் சராசரியாக 69 வயதில் வந்தது. மற்றவர்களுக்கு 74 வயதில். நோய் கண்டபின் உயிரோடிருந்த காலத்தின் இடைநிலை மற்றவர்களுக்கு 12 ஆண்டுகளுக்கு மேல். பிழை உள்ளவர்களுக்கு இரண்டே ஆண்டுகள். 2007-இல் வெளிவந்த இந்த எண்கள், பிஆர்சிஏ2 பிழை உள்ள ஆணின் புராஸ்டேட் புற்றுநோயை 'மெதுவாக வளரும், பொறுத்துப் பார்க்கலாம்' என்று விட்டுவிட முடியாது என்பதை மருத்துவ உலகுக்கு உணர்த்தின. இன்று அப்படிப்பட்ட ஆண்களுக்கு 40 வயதிலிருந்தே பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இந்தப் புரிதலின் விளைவுதான்.

சொல்வதா, சொல்லாமல் விடுவதா?

நரம்பியல் மருத்துவரான காரி ஸ்டெஃபான்சன் 1996-இல் ரெய்க்யாவிக் நகரில் டிகோட் ஜெனெடிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஐஸ்லாந்து மக்களின் மரபணுவையும் வம்சாவளியையும் மருத்துவக் குறிப்பையும் இணைத்து ஆராய்வது அதன் நோக்கம். மக்கள் ஆராய்ச்சிக்காகத் தங்கள் ரத்தத்தைத் தந்தார்கள். 2015-இல் அந்த நிறுவனம் 2,636 பேருடைய முழு மரபணுத் தொகுதியைப் படித்து முடித்ததாக அறிவித்தது. மேலும் ஒரு லட்சத்து நான்காயிரம் பேருடைய மரபணுக்களைச் சில குறியிடங்களில் மட்டும் பார்த்து, மீதியைக் கணக்கிட்டு அறிய முடிந்தது. வம்சாவளி கையில் இருந்ததால், ரத்தமே தராத உறவினரிடம் பிழை இருக்க எவ்வளவு வாய்ப்பு என்றுகூட மதிப்பிட முடிந்தது.

இங்கேதான் மனச்சாட்சியின் கேள்வி எழுந்தது. பிழையைச் சுமப்பவர்களை ஒரு கணினியால் இனங்காண முடியும். அவர்களில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தால் நோய் வருமுன் தற்காத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால், அவர்கள் ரத்தம் தந்தது ஆராய்ச்சிக்காக; தங்களைப் பற்றிய செய்தியைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று அவர்கள் எழுதித் தரவில்லை. 'தெரியாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு' என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்கவேண்டும் என்பது மருத்துவ அறநெறியின் நிலைப்பாடு. உயிரைக் காக்கும் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பது எந்த அறம் என்பது ஸ்டெஃபான்சனின் வாதம். அரசு தயங்கியது. விவாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அதற்குக் கிடைத்த இடைப்பட்ட விடைதான் 2018-இன் இணையதளம். யாரையும் தேடிப்போய்ச் சொல்லமாட்டோம், கேட்பவருக்குச் சொல்வோம். 'இருக்கிறது' என்று வந்தவர்களைத் தேசிய மருத்துவமனையான லான்ட்ஸ்பீட்டாலியின் மரபணு ஆலோசகர்களிடம் அனுப்பினார்கள்.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒருவருடைய மரபணு அவருக்கு மட்டுமே சொந்தம் என்று சொல்லிவிட முடியாது. தங்கை பரிசோதித்துப் பிழை இருப்பது தெரிந்தால், பெற்றோரில் ஒருவரிடம் அது இருப்பதும், அக்காவுக்கு இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. கேட்டவருக்குச் சொல்லும்போதே கேட்காதவருக்கும் பாதி சொல்லியாகிவிட்டது. ஆனால், 2023-இல் டிகோட் வெளியிட்ட ஆய்வு தராசை ஒரு பக்கம் சாய்க்கிறது. சுமார் 58 ஆயிரம் ஐஸ்லாந்தினரின் முழு மரபணுத் தொகுதியையும் படித்துப் பார்த்ததில், 25 பேரில் ஒருவரிடம் முன்கூட்டித் தெரிந்தால் தடுக்கவோ சிகிச்சை தரவோ கூடிய நோய்க்கான மரபணுப் பிழை இருந்தது. பிஆர்சிஏ2-இன் இந்தப் பிழையைச் சுமந்தவர்கள் மற்றவர்களைவிட இடைநிலைக் கணக்கில் ஏழு ஆண்டுகள் குறைவாக வாழ்ந்திருந்தார்கள்.

ஏழு ஆண்டு வாழ்வு என்பது பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்கும் பார்க்காமல் போவதற்கும் உள்ள தூரம். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதை எந்த நடைமுறை விதியாலும் நியாயப்படுத்த முடியாது என்றே நான் கருதுகிறேன். திணிக்கக் கூடாது, ஆனால் 'தெரிந்துகொள்ள விருப்பமா' என்ற கேள்வியை ஒவ்வொருவரிடமும் கொண்டுசேர்க்கும் கடமை அரசுக்கும் மருத்துவத்துக்கும் உண்டு. கேள்வியே சென்றுசேராதவர்களின் மௌனத்தை மறுப்பு என்று எடுத்துக்கொள்வது தவறு.

தெரிந்தபின் என்ன வழி?

பிழை இருப்பது தெரிந்த பெண்களுக்கு இன்று பல வழிகள் உள்ளன. 25 முதல் 30 வயதுக்குள் தொடங்கி ஆண்டுதோறும் மார்பக எம்ஆர்ஐயும் பிறகு மேமோகிராமும் எடுத்து, நோய் வந்தாலும் தொடக்கத்திலேயே பிடித்துவிடுவது ஒரு வழி. நோய் வருமுன்பே மார்பகங்களை அறுவை சிகிச்சையால் அகற்றிவிடுவது மற்றொன்று. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பை இது 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கிறது. 2013-இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி, தனக்கு பிஆர்சிஏ1 பிழை இருப்பதையும் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டதையும் வெளிப்படையாக எழுதியபின் உலகெங்கும் பரிசோதனைக்கு வருவோர் கூடினார்கள். எல்லோரும் அதைச் செய்தாகவேண்டும் என்பதில்லை. கண்காணிப்பில் இருப்பதும் அறுவை செய்துகொள்வதும் அந்தப் பெண்ணின் முடிவு.

சினைப்பையில் நிலைமை வேறு. அந்தப் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை இன்னும் இல்லை. அதனால் குழந்தைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையும் சினைக்குழாய்களையும் அகற்றிவிடச் சொல்கிறார்கள். பிஆர்சிஏ1 பிழைக்கு 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2 பிழைக்கு 40 முதல் 45 வயதுக்குள்.

நோய் வந்துவிட்டவர்களுக்கும் இந்த அறிவு பயன்படுகிறது. புற்றுச் செல்லில் பிஆர்சிஏ இல்லாததால் அது டிஎன்ஏவைச் சரிசெய்ய வேறு வழிகளை நம்பி வாழ்கிறது. அந்த வேறு வழியையும் மருந்தால் அடைத்துவிட்டால் புற்றுச் செல் சாகும். நல்ல பிஆர்சிஏ பிரதி உள்ள மற்ற செல்கள் பிழைத்துக்கொள்ளும். 2005-இல் ஆய்வுக்கூடத்தில் நிறுவப்பட்ட இந்தக் கருத்திலிருந்து பிறந்தவைதான் பார்ப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள். முதலாவதான ஓலபரிப் 2014 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சினைப்பை, மார்பகம், புராஸ்டேட், கணையம் ஆகிய நான்கு உறுப்புகளின் புற்றுநோய்க்கும் இன்று அது தரப்படுகிறது. புற்றுநோயை உண்டாக்கிய அதே குறை, புற்றுநோயை வீழ்த்தும் வழியாகவும் ஆகியிருக்கிறது.

நம் ஊர்க் கணக்கு

இந்தக் கதை ஐஸ்லாந்தோடு நின்றுவிடவில்லை. யூதர்களில் அஷ்கெனாசி பிரிவினரிடம் நாற்பது பேரில் ஒருவருக்கு, பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களில் உள்ள மூன்று குறிப்பிட்ட பிழைகளில் ஒன்று இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்று, பிஆர்சிஏ1-இல் 185-ஆம் இடத்தை ஒட்டி இரண்டு எழுத்துகள் விடுபட்ட பிழை. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆய்வாளர்கள் தென்னிந்தியப் பெண்களிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இதே பிழை திரும்பத் திரும்ப வந்தது. யூதர்களிடமிருந்து வந்ததா? இந்தியக் குடும்பம் ஒன்றில் அக்கம்பக்கத்து டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது இங்கே தனியாகத் தோன்றியது என்றே தெரிந்தது.

இன்னொரு செய்தியும் நம்மைத் தொடுகிறது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைஷும் இணைந்து நடத்தி 2017-இல் வெளியான ஆய்வு, தெற்காசியாவின் 263 சமூகங்களின் மரபணுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 சமூகங்களில், சிறு எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து பெருகியதன் தடம் அஷ்கெனாசி யூதர்களிடமும் பின்லாந்து மக்களிடமும் உள்ளதைவிட ஆழமாக இருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளேயே மணம் முடித்து வந்ததன் விளைவு இது. கடல் சூழ்ந்து ஐஸ்லாந்தைத் தனிமைப்படுத்தியது. இங்கே நாமே நம்மைப் பிரித்துக்கொண்டோம். நம்மிடையேயும் சமூகத்துக்குச் சமூகம் தனித்தனிப் பிழைகள் மிகுந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால், ஐஸ்லாந்திடம் இருப்பதுபோல் குடும்ப வரலாற்றையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் மரபணுவையும் இணைத்துப் பார்க்கும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. மரபணு ஆலோசகர்களும் மிகச் சிலரே. பரிசோதனை பெரும்பாலும் கையில் பணம் உள்ளவர்களுக்கே எட்டுகிறது.

இதைவிடப் பெரிய தடை வீட்டுக்குள் இருக்கிறது. பெண்ணுக்கு வந்த மார்பகப் புற்றுநோயை 'கட்டி' என்று சொல்லி மூடிவைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் போகவில்லை. மகளுக்கு வரன் அமையாது என்ற அச்சம் அதற்குக் காரணம். அந்த மௌனத்தால் மறைக்கப்படும் செய்திதான் அந்த மகளின் உயிரைக் காக்கக்கூடிய செய்தி.

யார் ஆலோசனை பெறவேண்டும்?

- 50 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள். இரு மார்பிலும் வந்தவர்கள்.
- எந்த வயதிலும் சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்கள்.
- மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்கள். உடலில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள்.
- அம்மா வழியிலோ அப்பா வழியிலோ, ஒரே வழியில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ மார்பகம், சினைப்பை, கணையம், புராஸ்டேட் புற்றுநோய் வந்த குடும்பத்தினர்.
- குடும்பத்தில் ஒருவருக்கு மரபணுப் பிழை ஏற்கெனவே உறுதியானவர்கள்.

பரிசோதனையை நோய் வந்தவரிடமிருந்து தொடங்குவதே நல்லது. அவரிடம் பிழை இன்னதென்று தெரிந்துவிட்டால், மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறையும். முடிவில் சில சமயம் 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்று வரும். அதைப் பிழை என்று எடுத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு ஓடக்கூடாது. பரிசோதனைக்கு முன்பும் பின்பும் மரபணு ஆலோசகரிடமோ புற்றுநோய் மருத்துவரிடமோ உட்கார்ந்து பேசவேண்டும்.

தமிழ்நாடு அரசின் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்களில் குடும்ப வரலாற்றைக் கேட்டுப் பதிவதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு படிவம் போதும். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் ஒரு மரபணு ஆலோசகரை நியமித்து, தேவைப்படுவோருக்கு இலவசமாகப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள். பாட்டி எதனால் இறந்தார், பெரியம்மாவுக்கும் சித்திக்கும் என்ன நோய் வந்தது, அத்தைக்கு எந்த வயதில் அறுவை சிகிச்சை நடந்தது, தாத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் புராஸ்டேட் கோளாறு இருந்ததா என்று இரு வழியிலும் கேட்டு, வயதோடு ஒரு தாளில் எழுதிவையுங்கள். மேலே உள்ள பட்டியலில் ஒன்றாவது பொருந்தினால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உங்கள் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளுக்கும் அதைக் கொடுங்கள்.